வலது ஓரத்தில் நின்ற குணசேகரம்

ரண்டர்ஸ் நகரில் வசிக்கும் குணசேகரம், பப்புவா நியூகினியின் தேசிய றக்பி லீக் அணியோடு ஒருநாள் மைதானத்தில் இறங்கி விளையாடியவர். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்த நாடு வரைபடத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அவருக்கு அந்தக் கிழமைதான் தெரிய வந்தது. இப்போது கேட்டாலும், "அப்ப எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இறங்கு எண்டாங்கள், இறங்கினன்" என்றுதான் சொல்வார்.

சொந்த ஊர் சாவகச்சேரி. இருபத்துநாலு வயதில் கொழும்புக்குப் போய் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் வாடகைக்கு இருந்த அறைக்குப் பின்னால் ஒரு கழகத்தின் மைதானம். சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே 'றகர்' என்று சொல்லும் றக்பி நடக்கும். மதில்மேல் இருந்து பார்க்கலாம். பந்து முட்டை வடிவம், பக்கத்துக்குப் பதினைந்து பேர், முன்னுக்கு எறியக்கூடாது, பிடிபட்டு விழுந்தவன் பந்தை விட்டுவிட வேண்டும். இவ்வளவையும் அந்த மதிலில் இருந்தபடியே படித்துக்கொண்டார். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கடையும் அறையும் எரிந்தன. மற்ற அகதிகளோடு கப்பலில் ஏற்றி வடக்கே கொண்டுபோய் இறக்கினார்கள். ஊரில் சுசீலாதேவியைக் கலியாணம் செய்தார். கிருசாந்தி பிறந்து தவழத் தொடங்கிய காலத்தில் ஆமியின் சுற்றிவளைப்பில் அகப்பட்டு, ஒருவாறு வெளியே வந்தார். அதன்பிறகு ஊரில் இருக்க வீட்டார் விடவில்லை. கிழக்குப் பேர்லின் வழியாக டென்மார்க் வந்து சேர்ந்தார்.

டென்மார்க் அவரை அகதியாக ஏற்றுக்கொண்டது. எண்பத்தேழாம் ஆண்டு வசந்தத்தில் மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்தார். அகதியாக ஏற்கப்பட்டவரின் மனைவியும் பிள்ளையும் வரலாம் என்று சட்டம் சொல்லியது. அவருக்கு முன்னே விண்ணப்பித்த சிலருடைய குடும்பங்கள் வந்து இறங்கியும் விட்டன. ஆகையால் குணசேகரம் குளிர்காலத்துக்கு முன்பே கிருசாந்திக்கு ஒரு சிவப்புச் சப்பாத்து வாங்கி வைத்தார். கோடை போனது. இலைகள் மஞ்சளாகின. பதில் வரவில்லை. விசாரித்தால், "கையாளப்படுகிறது" என்ற ஒரே சொல்தான் கிடைத்தது.

அந்த ஒக்டோபர் மாதத்தில் அவருக்கு உலகத்தில் எதுவுமே விளங்கவில்லை. ஆடி கழியும்போது மாலை போட்டு வரவேற்ற இந்திய ஆமி, இப்போது யாழ்ப்பாணத்துக்குள் ஷெல் அடித்துக்கொண்டு முன்னேறுகிறது என்று வானொலி சொன்னது. சமாதானத்துக்கு வந்தவர்கள் எப்படிச் சண்டைக்காரர் ஆனார்கள்? டெலிபோன் இல்லை, தபால் இல்லை. மொழி வகுப்பு முடிந்து, விளையாட்டு மண்டபத்தைத் துடைக்கும் வேலையும் முடிந்து வீட்டுக்கு வந்தால், சிற்றலை வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு இருந்துவிடுவார்.

அவரோடு ஒரே வீட்டில் இருந்தவன் அல்பேட். மன்னார், பேசாலைப் பொடியன். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை.

"அண்ணை, கொஞ்சம் வெளிய வாங்கோ. உந்த றேடியோவுக்குள்ளயிருந்து அக்கா எட்டிப் பாக்கப் போறாவோ?" என்று அவன் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டான்.

"வெளிய போனா என்னடாப்பா இருக்குது?"

"ஒண்டுமில்லைத்தான். எண்டாலும் வாங்கோ."

இந்த நிலையில்தான் ஹென்னிங் வந்தார். ஹென்னிங் விளையாட்டு மண்டபத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். பாலங்கள் கட்டும் பொறியியலாளராகப் பல வருடங்கள் பப்புவா நியூகினியில் வேலை செய்து திரும்பியவர். அந்த நாட்டின் தேசிய அணி இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் சுற்றுப்பயணம் வருகிறது என்று அறிந்ததும், பழைய நண்பர்களைப் பிடித்து, போகும் வழியில் சில நாட்கள் ரண்டர்ஸில் தங்கிக் குளிருக்குப் பழகிக்கொண்டு போகட்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார். ஊர் றக்பிக் கழகத்தோடு ஒரு காட்சிப் போட்டியும் வைப்பதாகச் சொல்லிவிட்டார். இனி ஆள் வேண்டும்.

மண்டபம் கூட்டும் தும்புக்கட்டையோடு நின்ற குணசேகரத்திடம், "உனக்கு றக்பி தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். கொழும்பில் ஆறு வருடம் பார்த்தேன்."

ஹென்னிங்கின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆங்கிலமும் தெரியும். அப்படியென்றால் நீதான் அவர்களோடு நிற்கிறாய். பஸ், சாப்பாடு, மைதானம், எல்லாம்."

மறுக்கத் தெரியாமல் ஒத்துக்கொண்டார். அன்று பின்னேரம் அல்பேட்டுக்கு விளக்கினார். மேசையில் உருளைக்கிழங்குகளை வரிசையாக அடுக்கி, "இதுதான் முன் வரிசை. இவங்கள் தள்ளுவாங்கள். மொத்தம் பதினைஞ்சு பேர்" என்றார்.

"பிறகு அவிக்கலாந்தானே?" என்றான் அல்பேட்.

அணி மழைக்குள் வந்து இறங்கியது. பஸ்ஸிலிருந்து அகன்ற தோளும் கறுத்த உடம்புமாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். பாதிப்பேர் அரைக் காற்சட்டையோடு போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். குணசேகரம் கிட்டப் போனார். இந்த நாட்டில் தன் நிறத்தில் ஒரு பஸ் நிறைய ஆட்களைப் பார்த்தால் அது தமிழ் ஆட்களாகத்தான் இருக்கும். முதலாவது இறங்கியவரிடம், "களைச்சுப்போனியளோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார். அந்த மனிதர் தன் மொழியில் ஏதோ பதில் சொன்னார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

நகரசபையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் வரிசையாக எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டு வந்தார். வரிசையின் கடைசியில் கோப்பிப் பிளாஸ்க்கோடு குணசேகரமும் அல்பேட்டும் நின்றார்கள். அவர்களுக்கும் கைகொடுத்தார்.

"நீண்ட பயணமோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அல்பேட் யோசித்துவிட்டு, "ஓம்" என்று தலையாட்டினான். அது உண்மைதான்.

"எப்போது திரும்பிப் போகிறீர்கள்?"

குணசேகரம் விறைத்துப்போனார். இந்தக் கேள்வியை அவரிடம் பஸ் நிலையத்தில் கேட்டிருக்கிறார்கள், கடையில் கேட்டிருக்கிறார்கள். இந்த மனிதர் விளையாட வந்தவரைக் கேட்கிறாரா, அகதியைக் கேட்கிறாரா? அவருக்கு ஒரு கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்தநாள் போட்டி. மழை விட்டிருந்தது. மைதானம் முழுக்கச் சேறு. டேனிஷ் கழகத்தார் பதினைந்து பேராக வந்து நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் பதின்மூன்று பேர்தான் நின்றார்கள். குணசேகரம் ஓடிப்போய் அணியின் முகாமையாளர் ஐசாக்கிடம், "ஐயா, உங்கள் பக்கத்தில் இரண்டு பேர் குறைகிறது" என்றார்.

ஐசாக் தலை நரைத்த, பொறுமையான மனிதர். "குறையவில்லை. எங்கள் விளையாட்டுக்குப் பதின்மூன்று பேர்" என்றார்.

"றக்பிக்குப் பதினைந்து பேரல்லவா?"

"தம்பி, நீங்கள் சொல்வது றக்பி யூனியன். நாங்கள் விளையாடுவது றக்பி லீக். பந்து ஒன்றுதான். சட்டம் வேறு."

குணசேகரத்துக்கு முகம் சிவந்துவிட்டது. ஆறு வருடம் மதிலில் இருந்து படித்தது இங்கே செல்லாது. டேனிஷ் கழகத்தின் தலைவரும் அதே அளவுக்குக் குழம்பிப்போய் நின்றார். றக்பி என்றால் றக்பிதானே என்று நினைத்து இரு பக்கமும் ஒழுங்கு செய்தவர் ஹென்னிங். அவர் இப்போது தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஏன் இப்படி இரண்டாகப் பிரிந்தது?" என்று குணசேகரம் கேட்டார்.

"அது ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பு, இங்கிலாந்தில். வேலையை விட்டு விளையாட வந்த தொழிலாளிகளுக்கு அன்றைய கூலியையாவது கொடுங்கள் என்று வடக்கு கேட்டது. தெற்கு மாட்டேன் என்றது. வடக்குப் பிரிந்துபோய்த் தன் பாட்டில் விளையாடத் தொடங்கியது."

வடக்கு, தெற்கு என்றதும் குணசேகரத்துக்கு அதற்குமேல் கேட்க மனம் வரவில்லை.

சனம் வேலியோரம் கூடிவிட்டது. கடைசியில், அணியே தனக்குள் இரண்டாகப் பிரிந்து விளையாடிக் காட்டுவதென்று முடிவாயிற்று. ஆனால் வந்தவர்களில் சிலருக்குக் காய்ச்சல். கழகத்தில் இரண்டு பேரை இரவல் வாங்கினார்கள். அப்படியும் ஒரு பக்கத்தில் ஒருவர் குறைந்தார். டேனிஷ் கழகத்தில் மற்றவர்கள் ஏற்கெனவே கோபித்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டார்கள்.

ஐசாக் குணசேகரத்தை மேலும் கீழும் பார்த்தார். "ஓடுவீர்களா?"

"எனக்கு முப்பத்திநாலு வயது."

"வலது ஓரத்தில் சும்மா நில்லுங்கள். பந்து அங்கே வராது."

பின்னாளில் இந்தக் கதையை எனக்குச் சொன்னபோது, அந்த நேரத்தில் ஏன் ஓமென்று சொன்னீர்கள் என்று கேட்டேன். "வீட்டை போனா றேடியோ. இஞ்ச நிண்டா சேறு. சேறு பறவாயில்லை எண்டு நினைச்சன்" என்றார்.

காய்ச்சலில் படுத்திருந்த ஒருவருடைய சட்டையைப் போட்டுவிட்டார்கள். அது முழங்கால்வரை தொங்கியது. வேலியோரத்தில் அல்பேட்டும் நாலைந்து தமிழ்ப் பொடியன்களும், "குணம் அண்ணை! குணம் அண்ணை!" என்று கத்தினார்கள்.

பந்து வந்தது. அவர் அதைப் பிடித்தும் விட்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த முட்டைப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினார். பத்து அடி போகவில்லை, ஒரு பெரிய தோள் வந்து மோதியது. விழுந்தார். மதிலில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. விழுந்தவன் பந்தை விட்டுவிட வேண்டும். விட்டார். எதிர்ப்பக்கத்துக்காரன் சிரித்தபடியே அதை எடுத்துக்கொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால் வைத்துப் புள்ளி எடுத்துவிட்டான்.

"விடக்கூடாது! வைத்திரு!" என்று அவருடைய பக்கத்தார் கத்தினார்கள்.

அடுத்ததரம் பந்து வந்தபோது வைத்திருந்தார். விழுந்தபிறகும் வைத்திருந்தார். அவரைப் பிடித்தவர்கள் எழும்பிவிட்டார்கள். அவர் எழும்பவில்லை. பந்தை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு சேற்றில் சுருண்டு கிடந்தார். விளையாட்டு நின்றுவிட்டது. எல்லோரும் அவரைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"எழும்புங்கள்! எழும்பி, பந்தைக் கீழே வைத்து, காலால் பின்னுக்கு உருட்டுங்கள்!" என்று ஐசாக் ஓரத்திலிருந்து கத்தினார்.

அவர் தலையைத் தூக்கி, வாயைத் திறந்து, ஒன்றும் விளங்காமல் பார்த்தார். உள்ளூர்ப் பேப்பரின் படப்பிடிப்பாளர் அந்த நொடியில்தான் படம் எடுத்தார்.

அன்று பின்னேரம் அவர் வானொலியைத் திறக்க மறந்துபோனார். உடம்பெல்லாம் நொந்தது. குளித்துவிட்டு அப்படியே நித்திரையாகிவிட்டார். காலையில் அது நினைவுக்கு வந்தபோது, சுசீலாவை எங்கோ விட்டுவிட்டு வந்ததுபோல ஓடிப்போய் வானொலியைத் திறந்தார்.

அணி புறப்பட்ட அன்று ஐசாக் அவருடைய கையைப் பிடித்து, "உங்கள் மனைவி எங்கே இருக்கிறார் என்று இன்னும் தெரியாதா?" என்று கேட்டார். ஹென்னிங் சொல்லியிருக்க வேண்டும்.

"தெரியாது."

"ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் தேவாலயத்துக்குப் போவோம், அவருக்காக ஜெபிப்போம். அவருடைய பெயரைச் சொல்லுங்கள்."

குணசேகரம் சைவர். இருந்தாலும் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சு-சீ-லா என்று சொல்லிப் பழகிக்கொண்டே போனார்கள்.

படம் பேப்பரில் வந்தது. 'பப்புவா நியூகினி வீரர் ரண்டர்ஸ் சேற்றோடு அறிமுகமாகிறார்' என்று கீழே போட்டிருந்தது. பெயர், காய்ச்சலில் படுத்திருந்தவருடையது. அல்பேட் அதை வெட்டிக் குளிரூட்டிப் பெட்டியில் ஒட்டினான். எல்லோரும் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த கிழமை, வெளிநாட்டவர் விடயங்களைப் பார்க்கும் பொலிஸ் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. சுசீலாவின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று ஒரு நினைப்பு. சுசீலாவுக்கு ஏதோ நடந்து, அதைச் சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று இன்னொரு நினைப்பு. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனார். ஹென்னிங்கும் துணைக்கு வந்தார்.

அதிகாரி மெல்லிய குரலில் பேசுகிற, கண்ணாடி போட்ட மனிதர். அவர் மேசைமேல் வைத்தது பதில் அல்ல. பேப்பர்.

"இது நீங்களா?"

"ஓம்."

"இதில் பப்புவா நியூகினிக்காரர் என்று இருக்கிறது. எங்களிடம் இலங்கை என்று இருக்கிறது. ஒருவர் இதை வெட்டி அனுப்பிவிட்டு, இவர் உண்மையில் எந்த நாடு என்று கேட்டிருக்கிறார். நான் விசாரிக்கத்தான் வேண்டும்."

குணசேகரம் தெரிந்த டேனிஷில் தொடங்கினார். மதில், கொழும்பு, பதினைந்து பேர், பதின்மூன்று பேர், காய்ச்சல். அதிகாரியின் புருவம் உயர்ந்துகொண்டே போனது. பிறகு ஹென்னிங் முழுவதையும் முதலிலிருந்து சொன்னார். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழும்பாமல் கிடந்த இடம் வந்ததும் அதிகாரி சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஹென்னிங்கும் சிரித்தார். குணசேகரமும் சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு ஓயுமுன்னே அவர் கேட்டார்: "என் மனைவியின் விண்ணப்பம் என்னாயிற்று?"

அதிகாரியின் சிரிப்பு நின்றது. எழுந்து போய் அந்த விண்ணப்பத்தின் கோப்பைக் கொண்டுவந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எங்கள் பக்கத்து விசாரணை எப்போதோ முடிந்துவிட்டது. மேலே அனுப்பிவிட்டோம். எல்லாம் சரியாக இருக்கிறது."

"அப்படியென்றால் ஏன் வரவில்லை?"

"நகரவில்லை."

"ஏன் நகரவில்லை?"

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தார். "நானும் கேட்டுப் பார்த்தேன். உங்களுடையது மட்டுமல்ல, தமிழர்களுடையது ஒன்றுமே நகரவில்லை. ஏனென்று எனக்கும் தெரியாது."

வெளியே வந்ததும் ஹென்னிங் தன் காரின் கதவில் கையை வைத்தபடி நின்றார். "சட்டம் அப்படி இல்லையே" என்று தனக்குத்தானே சொன்னார். குணசேகரத்துக்கு அதுதான் பயமாக இருந்தது. தனக்கு விளங்காதது புதிதல்ல. இந்த நாட்டுக்காரருக்கே விளங்கவில்லை.

மார்கழியில் கொழும்பு வழியாகச் செய்தி வந்தது. சுசீலாவும் பிள்ளையும் கோயில் ஒன்றில் ஆயிரக்கணக்கான சனத்தோடு இருந்து தப்பியிருக்கிறார்கள். குணசேகரம் அல்பேட்டைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆனால் விண்ணப்பம் நகரவில்லை. சிவப்புச் சப்பாத்து கிருசாந்திக்குச் சின்னதாகிப்போயிருக்கும் என்று, பக்கத்து வீட்டில் இருந்த சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். இன்னுமொரு குளிர்காலம் வந்து போனது. எண்பத்தொன்பதில், ஏன் நின்றது என்று சொல்லாமலே, எல்லாம் நகரத் தொடங்கியது. அந்தக் கோடையில் சுசீலாதேவியும் கிருசாந்தியும் வந்து இறங்கினார்கள்.

வந்து மூன்றாம் நாள் சமையலறையில் வைத்து சுசீலாதேவி கேட்டார்: "உண்மையாச் சொல்லுங்கோ. எண்பத்தேழிலை நீங்கள் எங்களைக் கூப்பிட எழுதிப் போட்டனீங்களோ?"

"போட்டனான்! ஏன் அப்பிடிக் கேக்கிறீர்?"

"நோர்வேக்குப் போன ஆக்களின்ரை பெண்சாதிமார் போயிட்டினம். ஜேர்மனிக்கும் போயிட்டினம். என்னை மட்டும் விட்டுட்டியள். ஆர் மறிச்சது எண்டு கேட்டா, தெரியாது எண்டு எழுதினியள். ஊரிலை என்ன கதைச்சவை தெரியுமே? அங்க வேறை ஆரோ இருக்கிறாளாம், அதுதானாம்."

"எனக்கு உண்மையாத் தெரியாது, சுசீலா."

"தெரியாமல் எப்பிடி இருக்கும்?"

தெரியாது என்ற சொல்லை எப்படி நிரூபிப்பது? சுசீலாதேவி அதற்குப்பிறகு கேட்கவில்லை. நல்லபடியாகத்தான் குடும்பம் நடத்தினார். ஆனால் சில நேரம், சும்மா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, அவரை ஒரு மாதிரிப் பார்ப்பார். குணசேகரத்துக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும்.

இடையில் அரசாங்கத்தின்மேல் நீதி விசாரணை ஒன்று நடந்துகொண்டிருந்தது. தமிழர் வழக்கு என்று பேப்பர்கள் எழுதின. குணசேகரத்தின் டேனிஷ் அதற்குப் போதவில்லை. தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு தைமாதத்தில் ஒருநாள் தொலைக்காட்சியின் மாலைச் செய்தியில், எல்லா அறிவிப்பாளர்களும் ஒரே பரபரப்பாக இருந்தார்கள். அரசாங்கம் பதவி விலகிவிட்டது. 'தமிழர்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது.

கிருசாந்திக்கு அப்போது ஏழு வயது முடிந்திருந்தது. டேனிஷ் தண்ணிபட்ட பாடு.

"என்ன பிள்ளை சொல்லுறாங்கள்?" என்று சுசீலாதேவி கேட்டார்.

"முந்தி ஒரு மினிஸ்டர் இருந்தவராம். தமிழ் ஆக்களின்ரை பேப்பரை எடுக்க வேண்டாம், அடியிலை வையுங்கோ எண்டு சொன்னவராம். அது சட்டத்துக்குப் பிழையாம்." பிறகு டேனிஷுக்கு மாறி ஏதோ வேகமாகச் சொன்னாள்.

"தமிழிலை சொல்லு."

"அம்மாமாரும் பிள்ளையளும் வர வேணுமெண்டு கேட்ட பேப்பர், அம்மா. அதைத்தான் அடியிலை வைச்சவையாம்."

சுசீலாதேவி கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். திரும்பி அவரைப் பார்க்கவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, "அப்ப நீங்கள் போட்டுத்தான் இருக்கிறியள்" என்றார்.

குணசேகரம், "அதுதானே நான் சொன்னனான்" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுசீலாதேவி குசினிக்குள் போய்விட்டார். கிருசாந்தி, "ஏன் அப்பா அம்மா அழுறா?" என்று கேட்டாள்.

அப்போது அவர் அல்பேட்டின் தொழிற்சாலையிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தார். மறுநாள் இடைவேளையில், எலும்பு வெட்டும் பகுதியில் வேலை செய்யும் ஒரு வயதான டேனிஷ்காரர் அவரிடம் வந்து, கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகொடுத்தார். "எங்களை மன்னித்துக்கொள்" என்றார். அவரோடு முன்பு இரண்டு வார்த்தைகூடப் பேசியிராத மனிதர்.

அவர் போன கையோடு மற்ற மேசையிலிருந்து ஒருவன் சத்தமாகச் சொன்னான்: "உங்களால் ஓர் அரசாங்கமே விழுந்துபோய்விட்டது. இப்போது சந்தோஷந்தானே?"

குணசேகரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் தான் செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார். மற்றவன் குணசேகரம் செய்யாத பிழைக்குக் கோபிக்கிறான். சந்தோஷமா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தார்.

அல்பேட் பக்கத்தில் வந்து இருந்தான். "என்ன அண்ணை, என்னவாம் அவன்?"

"சந்தோஷமோ எண்டு கேக்கிறான்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"யோசிக்கிறன்" என்றார் குணசேகரம். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். அன்று சுசீலாதேவி அவருக்கு வழக்கத்துக்கு மாறாக இரண்டு முட்டை அவித்து வைத்திருந்தார். ஒன்றை அல்பேட்டுக்குக் கொடுத்தார்.